மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல் காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். தலைப்பைப் பார்த்து ஏதோ ஜோதிடக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள், அதாவது 114 நாள். ஒரு பெண் பன்றியின் சினைக்காலம் அவ்வளவுதான். "சாருக்கு என்ன ஆச்சு, பன்றியைப் பற்றி எழுதுகிறாரே" என்று சிலர் சிரிப்பீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன வருடம் மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை என் கைப்பேசி அடித்தது. அழைத்தவன் என் பழைய மாணவன். பெயர் சொல்லப்போவதில்லை. மாரண்டஅள்ளி போகும் சாலையில் அவனுக்கு இரண்டு ஏக்கர் நிலம். பல வருடம் தக்காளி போட்டான். பறிகூலிக்கும் கட்டுபடியாகாமல் தோட்டத்திலேயே விட்ட வருடங்கள் உண்டு. பாலக்கோட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் நான்கு வெண்பன்றி வாங்கிக் கொட்டகை போட்டான்.

"சார், பன்னெண்டு குட்டி போட்டுச்சு சார். ரெண்டு ராத்திரியில ஏழு போயிடுச்சு. தாயே மேல படுத்து நசுக்கிடுச்சு சார்" என்றான். குரல் உடைந்திருந்தது.

"ஏன்டா, டாக்டருக்குப் போன் பண்ணாம எனக்குப் பண்றியே, எனக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

"டாக்டரு வந்துட்டுப் போயிட்டாரு சார். கொட்டகையைச் சரியா கட்டணும்னு சொன்னாரு. நீங்கதான் எதையும் புக்கு பார்த்துச் சொல்லுவீங்களே, அதான் சார்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1989-ஆம் வருடம் இவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தான். வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னேன். பதினாறாம் வாய்பாட்டில் தடுமாறினான். "நீ பன்னி மேய்க்கத்தான்டா லாயக்கு" என்றேன். அந்தக் காலத்தில் வாத்தியார்கள் வாயில் சர்வசாதாரணமாக வந்த வார்த்தை. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஏனென்றால் அவன் தாத்தா நிஜமாகவே ஊருக்கு வெளியே பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் தாத்தாவே கையைப் பிடித்து அழைத்து வந்து, "பையனை அடிக்கணும்னா அடிங்க சாமி, தொழிலைச் சொல்லாதீங்க" என்றார். நான் பேசாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அன்றைக்கு வாத்தியார்களிடம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1989-இல்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பன்றி வளர்ப்பைப் படிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் அரசாங்கம் பல்கலைக்கழகம் அமைத்த வருடத்தில், பன்றி மேய்ப்பதைப் படிப்பு வராதவனுக்கான தண்டனையாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பிரசவத்துக்கு இருக்கும் பன்றிக்கு எப்படி வீடு கட்டுவது என்ற சின்னக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம் தமிழிலிருந்தே தொடங்குவோம். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியை ஒரு பாணனுக்குச் சொல்லும் பாட்டு. வழியில் ஒரு காட்சி வருகிறது. கள் காய்ச்சும் பெண்கள் பாத்திரம் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் பெண் பன்றி நிறையக் குட்டிகளோடு புரள்கிறது. ஆண் பன்றியை மட்டும் அதனோடு சேரவிடாமல், குழியில் வைத்து, நெல் மாவு ஊட்டிப் பல நாள் வளர்க்கிறார்கள். பள்ளியில் நான் தமிழ்ப் பாடமும் எடுத்தவன். பெரும்பாணாற்றுப்படை என்றால் ஆசிரியர் யார், தலைவன் யார், எத்தனை அடி என்று கேட்பேனே தவிர, உள்ளே பன்றி இருப்பதைப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் காட்சியைக் கவனியுங்கள். கொழுக்க வைக்கும் ஆணுக்குத்தான் குழி, அடைப்பு எல்லாம். தாய்க்கும் குட்டிகளுக்கும் அடைப்பு இல்லை. அது சேறு தேடிப் போகிறது, வருகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ்நாட்டில் பன்றியின் குடும்ப வாழ்க்கை அப்படி இருந்திருக்கிறது.

நம் மாவட்டத்துக்கும் பன்றிக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகற்கள் ஏராளம். பலர் ஆநிரை மீட்டு இறந்தவர்கள். காட்டுப்பன்றியோடு மோதி இறந்தவர்களுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். பன்றிக்குத்திக் கல் என்பார்கள். பயிரைக் காக்கப் போய் உயிரை விட்டவனை ஊர் மறக்கவில்லை. பன்றியைக் கொன்றவனுக்குக் கல் நட்ட ஊரில், பன்றியை வளர்த்தவனுக்கு ஊருக்கு வெளியேதான் இடம் கொடுத்தோம். இதையும் நாம் யோசிக்க வேண்டும்.

அந்தத் தாத்தா வளர்த்தவை நாட்டுப் பன்றிகள். கறுப்பு நிறம், முதுகில் சிலிர்த்த மயிர், சின்ன உடம்பு. அவர் கட்டிய பட்டி எப்படி இருந்தது என்று அவனைக் கேட்டேன்.

"கல்லு அடுக்கி, மேல பனை ஓலை சார். உள்ள மண்ணுத் தரைதான். குட்டி போடுற சமயம் வந்தா தாத்தா ராகித்தாளையும் காஞ்ச தழையையும் கொண்டாந்து வாசல்ல போடுவாரு. உள்ள போட மாட்டாரு. நீயே போட்டா என்ன தாத்தான்னு கேட்டா, அதுவே எடுத்துக்கிட்டுப் போனாத்தான் அமைதியா படுக்கும்பாரு."

இதைக் கேட்டு அன்றைக்குத் தலையாட்டினேன். இதன் பொருள் பிறகுதான் புரிந்தது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

இனி வெண்பன்றிக்கு வருவோம். இதன் பூர்வீகம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். 1851-இல் விண்ட்சரில் நடந்த அரச வேளாண் கண்காட்சிக்கு ஜோசப் டூலி என்ற நெசவாளி தன் பன்றிகளைக் கொண்டுபோனார். அந்தப் பெரிய வெள்ளை உடம்பைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். 1868-இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. பெரிய ஜமீன்தார் யாரும் உருவாக்கியதல்ல, தறி நெய்த ஒரு தொழிலாளி பெயர் வாங்கிக்கொடுத்த இனம். இன்று உலகம் முழுக்க இருக்கிறது.

நான் முதன்முதலில் வெண்பன்றியைப் பார்த்தது ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில், மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போனபோது. 1824-இல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கப்பட்ட பண்ணை அது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் நம்மோடு வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனோடு போனது. அன்று பிள்ளைகள் குதிரையைப் பார்க்க ஓடினார்கள். பன்றியைப் பார்த்து மூக்கைப் பிடித்தார்கள். நானும்தான்.

இப்போது கணக்கு. நாட்டுப் பன்றியைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடை கொண்டது வெண்பன்றித் தாய். நன்கு வளர்ந்தது 200 கிலோவைத் தாண்டும். பிறக்கும் குட்டியோ ஒன்று, ஒன்றேகால் கிலோ. நம் ஊர் மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் சர்க்கரை எடை. அதுவும் ஒரே பிரசவத்தில் பத்து, பன்னிரண்டு. அந்தக் குட்டிக்கு உடம்பில் மயிர் இல்லை, கொழுப்பும் இல்லை. பிறந்த முதல் வாரம் அதற்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சுகம். ஒரே அறையில் இரண்டு பருவம் வேண்டும். தாய்க்கு மார்கழி, குட்டிக்குச் சித்திரை!

இந்த முடிச்சுதான் எல்லாவற்றுக்கும் மூலம். குளிரும் குட்டி சூடு தேடித் தாயின் வயிற்றோரம் ஒட்டுகிறது. தாய் புரண்டு படுக்கும்போது சுவருக்கும் உடம்புக்கும் நடுவில் சிக்குகிறது. குளிரில் விறைத்த குட்டியால் விலகி ஓட முடியாது. பால் குடிக்காத குட்டிக்குத் தெம்பும் இல்லை. குளிர், பசி, நசுங்கல் மூன்றும் தனித்தனிச் சாவு அல்ல, ஒரே சங்கிலி. பன்றிக்குட்டிச் சாவில் பெரும்பங்கு முதல் மூன்று நாளுக்குள் நடப்பது இதனால்தான். என் மாணவனுக்கு நடந்ததும் இதுதான். மார்கழிக் குளிர், சிமெண்ட் தரை, நான்கு பக்கமும் சுவர், ஓரத்தில் குட்டி ஒதுங்க இடம் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க உலகம் நூறு வருடமாக முயன்றிருக்கிறது.

1920-ஐ ஒட்டி அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மக்லீன் என்ற கவுண்டியில் ஒரு முறையைச் சோதித்தார்கள். அங்கே குட்டிகளைக் கொன்றது உருண்டைப் புழு. அதன் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி அதை விழுங்கினால் புழுவின் இளம்பருவம் நுரையீரல் வரை போய்த் திரும்பும். எனவே ஈனும் அறையைக் கொதிநீரும் காரமும் கொண்டு தேய்த்துக் கழுவினார்கள். தாயின் மடியையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவி உள்ளே விட்டார்கள். பிறகு தாயையும் குட்டிகளையும் வண்டியில் ஏற்றி, அதுவரை பன்றி மேயாத சுத்தமான நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். நடத்திக்கொண்டு போனால் வழியில் பழைய மண் ஒட்டிவிடுமாம். மருந்தே இல்லாமல், சுத்தத்தால் மட்டும் குட்டிகள் பிழைத்தன. பிரசவ அறைக்குச் சுத்தம் முக்கியம் என்று மனிதர்களுக்குப் புரிந்ததும் அதற்கு ரொம்ப காலம் முன்னால் இல்லை.

சுத்தம் என்றதும் எல்லோரும் சிமெண்ட் தரை போட்டார்கள். அங்கே ஒரு புது வில்லங்கம். சுத்தமான சிமெண்ட் தரையில் வளர்ந்த குட்டிகள் மூன்று வாரத்தில் வெளுத்து, மூச்சிரைத்துச் செத்தன. 1923-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மக்கோவன், கிரிக்டன் என்ற இருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இரும்புச்சத்துக் குறைவு! வேகமாக வளரும் குட்டிக்கு நாளைக்கு ஏழு மில்லிகிராம் போல இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம்தான். மீதியைக் குட்டி மண்ணைக் கிளறித் தின்று எடுத்துக்கொண்டிருந்தது. சிமெண்ட் போட்டதும் மண் போச்சு, இரும்பும் போச்சு. இன்று மூன்றாம் நாள் இரும்பு ஊசி போடுவது இதனால்தான். தாத்தாவின் பட்டியில் தரை, நம் தருமபுரிச் செம்மண். அங்கே ஊசி தேவைப்படவில்லை.

1960-களில் அடுத்த கட்டம். தாயை ஒரு கம்பிக் கூண்டில் நிறுத்திவிடுவது. அகலம் இரண்டடி, நீளம் ஏழடி. எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. குட்டிகள் கூண்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் இருக்கும். நசுங்கிச் சாவது உண்மையிலேயே குறைந்தது. பெரிய பண்ணைகள் எல்லாம் இதற்கு மாறின. ஆனால் 1964-இல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி, விலங்குகளை இயந்திரமாக்கிவிட்டோம் என்று ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்து அரசு விசாரணைக் குழு அமைத்தது.

பிறகு எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், பல தலைமுறை பண்ணையிலேயே வளர்ந்த பன்றிகளைச் செடி, புதர், மரம் உள்ள வேலியிட்ட நிலத்தில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றின் தாய், பாட்டி யாருமே காட்டைப் பார்த்ததில்லை. ஆனால் பிரசவத்துக்கு முந்திய நாள் தாய்ப் பன்றி கூட்டத்தை விட்டு விலகிப் போனது. ஒதுக்குப்புறமாக இடம் பார்த்துத் தரையைப் பறித்தது. புல்லையும் குச்சியையும் வாயில் கவ்வி வந்து மெத்தை கட்டியது. யாரும் சொல்லித் தரவில்லை! கூண்டில் நிற்கும் தாயும் அதே வேளையில் வெறும் சிமெண்டைக் காலால் பறிக்கும், கம்பியைக் கடிக்கும். கட்ட வேண்டும் என்ற வேகம் உள்ளே இருக்கிறது, கட்ட எதுவும் இல்லை.

இதைப் படித்தபோதுதான் தாத்தா சொன்னது எனக்கு உறைத்தது. தாளை உள்ளே போடாமல் வாசலில் போட்டார். அதுவே எடுத்துக்கொண்டு போனால்தான் அமைதியாகப் படுக்கும் என்றார். எந்தப் பல்கலைக்கழகமும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

சுவீடனில் நடந்ததை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் என்ற குழந்தை எழுத்தாளர், எண்பது வயதை நெருங்கும்போது, பண்ணை விலங்குகளுக்காகப் பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். ஒரு கால்நடை மருத்துவப் பெண்மணி துணை நின்றார். 1988-இல் அங்கே புதிய விலங்கு நலச் சட்டம் வந்தது. தாய்ப் பன்றியைக் கூண்டில் அடைக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள். குழந்தைகளுக்குக் கதை எழுதிய பாட்டி பன்றிக்குச் சட்டம் வாங்கித் தந்தார். அதற்கு அடுத்த வருடம் நான் வகுப்பில் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

சரி, இவ்வளவும் படித்து என் மாணவனுக்கு என்ன செய்தோம்? கூண்டு வாங்க அவனிடம் பணமும் இல்லை, எனக்கு மனமும் இல்லை. கால்நடை மருத்துவரையும் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து ஒரு படம் போட்டோம். தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈனும் அறை பத்தடிக்கு எட்டடி. நம் பாடநூல்கள் சொல்லும் 7 முதல் 9 சதுர மீட்டருக்குள் வரும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்கு. வெயில் நேராக உள்ளே விழாது. சிமெண்ட் ஷீட்டின் மேல் தென்னங்கீற்று, கோடைக்காக. தரை சொரசொரப்பாக, ஒரு பக்கம் லேசான சரிவோடு. வழவழப்பாகப் பூசினால் தாய் வழுக்கிப் பொத்தென்று விழும். கீழே குட்டி இருக்கும்.

மூன்று சுவரிலும் இரண்டு அங்குல இரும்புக் குழாய். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தாய் சுவரோரம் சரியும்போது குழாய் தடுக்கும். குழாய்க்குக் கீழே குட்டி தப்பிக்கும். மொத்தக் கொட்டகையிலும் அதிக உயிரைக் காப்பது இந்தக் குழாய்தான்.

ஒரு மூலையில் குட்டிகள் மட்டும் நுழையும் தடுப்பு. மேலே நூறு வாட் குண்டு பல்பு, தாய்க்கு எட்டாத உயரத்தில். குட்டிகளைப் பார்த்தே பல்பின் உயரத்தை வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஒதுங்கி ஒதுங்கிக் கிடந்தால் சூடு. பக்கத்தில் ஒரு தட்டில் பன்றி நடமாடாத இடத்துச் செம்மண். ஊசியும் போடுகிறோம், மண்ணும் வைக்கிறோம்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே தாயைக் குடற்புழு நீக்கி, குளிப்பாட்டி, கழுவிக் காயவைத்த அறைக்குள் விட வேண்டும். நாள் நெருங்க அறை மாற்றினால் மிரளும். காம்பில் பால் துளிர்த்தால் ஒரு நாளுக்குள் ஈனும். குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் குடித்ததா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக மெத்தை. பாலக்கோட்டில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமா? சோகையும் ராகித்தாளும் ஒரு கட்டு. அதை உள்ளே பரப்பவில்லை. அவன் மனைவிதான், "தாத்தா பண்ணினாப்பலயே வாசல்ல வைப்போம் சார்" என்றாள். வைத்தாள்.

அடுத்த ஈற்று இந்த வருடம் வைகாசியில். சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. போனேன். தாய்ப் பன்றி ஒவ்வொரு வாயாகச் சோகையைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. முகரும், தள்ளும், காலால் பறிக்கும், மறுபடி வாசலுக்கு வரும். இரண்டு மணி நேரம். பிறகு நீளப் படுத்தது. அதற்குப் பிறகு எழவே இல்லை. ஒன்பது மணிக்கு முதல் குட்டி. விடியும்போது பதினொன்று. அதில் ஒன்று செத்தே பிறந்தது. இரண்டாம் நாள் ஒன்று நசுங்கியது. மிச்சம் ஒன்பதும் பால் மறந்து, இன்று ஓடுகின்றன. ஒன்றுகூடச் சாகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பன்னிரண்டில் ஏழு போன இடத்தில் இரண்டு என்றால், ஒரு குடும்பம் அடுத்த வருடமும் நிலத்தில் இருக்கும்.

அன்றைக்கு நடு இரவில், பல்பு வெளிச்சத்தில், இருவரும் சாக்கில் உட்கார்ந்திருந்தோம். "டேய், அஞ்சாவதுல நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருக்குது சார்" என்றான்.

"தப்புடா அது. உங்க தாத்தாகிட்டயே சொல்லியிருக்கணும். அவர் இல்லை. உன்கிட்ட சொல்றேன்."

"விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஈரமாக இருந்த ஒரு குட்டியைத் துணியால் துடைத்துப் பல்புக்குக் கீழே விட்டான். பிறகு, "அன்னிக்கு ஏழு போனப்ப, உங்களுக்குப் போன் பண்ண ரொம்ப யோசிச்சேன் சார். சார் சிரிச்சிடுவாரோன்னு" என்றான்.

அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களில் இன்று பலர் ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "மாடு மேய்க்க", "பன்னி மேய்க்க" என்று தொடங்கும் வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்று எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

பன்றி வளர்க்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ போய்ப் பாருங்கள். கொட்டகையை முதலில் கட்டுங்கள், பன்றியைப் பிறகு வாங்குங்கள்.

பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்,
பாலக்கோடு.